காலுறைக்குள் ஒரு சில்லு

மூன்றரை ஆண்டுகள் ஹவுராக்கி வளைகுடாவில், அரசாங்கத்தின் கடல் எல்லைக்கு வெளியே, கப்பலில் ஆடிக்கொண்டே வானொலி நடத்தினோம். அரசாங்கம் எங்களைக் கொள்ளையர் என்றது. ஆக்லாந்து நகரமோ எங்களைத்தான் கேட்டது. கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்து, 1970இல் தனியார் உரிமம் கொடுத்தது. ஒரே நிபந்தனை: முதல் நாளில் ஒலிபரப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் உரிமம் போச்சு.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. புயலிலேயே நிற்காத நிலையம், தரையிலா நிற்கப் போகிறது?

காலை எட்டு மணி. கரையில், ஆடாத மேசை முன்னால் அறிவிப்பாளராக நான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிபரப்பியோடு எங்கள் பொறியாளர் ராவிரி. மூன்றாவது பாட்டு ஓடும்போது வாசலில் ஒரு தொப்பி தெரிந்தது. ஆய்வாளர் பால்ஃபோர்! காற்றில் எங்கள் கப்பல் எல்லைக்குள் இழுபட்டபோதெல்லாம் ஏறிச் சோதனை போட்டவர்.

ராவிரி தொப்பியை மட்டுமே பார்த்தான். கப்பல் காலத்துப் பழக்கத்தில், அலைவரிசையைப் பிடித்து வைக்கும் படிகச் சில்லை வெடுக்கென்று பிடுங்கினான். அது இல்லாவிட்டால் ஒலிபரப்பி வெறும் இரும்புப் பெட்டி. மறுநொடி சில்லைக் காணோம். அவன் ஒன்றும் தெரியாதவன் போலக் கைகட்டி நின்றான்.

எங்கள் ஒலிபரப்பைக் கேட்க வைத்திருந்த வாசலோர ரேடியோ ஊமையானது. நான் கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன்.

"டேய் ராவிரி! நமக்குத்தான் லைசென்ஸ் இருக்கேடா!"

அவன் முகம் வெளுத்தது. குனிந்து பூட்ஸ் நாடாவை இழுத்தான். அது முடிச்சு விழுந்து இறுகிக்கொண்டது.

பால்ஃபோர் ஒரு கையில் எங்களுக்குத் தரக் கொண்டுவந்த உரிமத்தாளோடு மறுகைக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் தாண்டிருச்சு."

"இதோ சார், இந்த நாடா..."

"பேசாம காலை நீட்டு!"

பேனாக்கத்தியால் நாடாவை அறுத்து, பூட்ஸை அவரே பிடித்து இழுத்தார். காலுறையிலிருந்து சில்லு விழுந்தது. அதைக் கையில் எடுத்தவர் அசந்துபோனார்.

"இதைத் தேடி மூணு தடவை கப்பலையே தலைகீழாப் புரட்டினேன். மாவு டப்பாவுக்குள்ளகூடக் கைய விட்டேன். இங்கயாடா வெச்சிருந்த?"

"நீங்க காலைத் தூக்கச் சொல்லவே இல்லையே, சார்."

"மாட்டித் தொலைடா! இன்னும் பத்து செகண்டுதான்!"

ரேடியோ மறுபடி பாடியது. பால்ஃபோர் நெற்றி வியர்வையைத் துடைத்தார், விரல்களை முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். பிறகுதான் உரிமத்தை என்னிடம் நீட்டினார்.