முகம் கீறாத சுவர்

என் தம்பி அரூஸ் சவூதியில் தம்மாமிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்தே எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தேத்தண்ணி கொடுத்தால், கூடப் பிறந்த அக்காவிடம் "தேங்க்ஸ் ராத்தா" என்கிறான். சோற்றுக்கு உட்காரச் சொன்னால் "உங்களுக்குக் கரைச்சல் இல்லையா?" என்கிறான். பெண் பார்க்க வந்தவன் மாதிரி கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறான். இது அவன் பிறந்து வளர்ந்த வீடு.

உம்மா இறந்தபோது ஜனாஸாவுக்கு அவனால் வர முடியவில்லை. லீவு கிடைக்கவில்லை, மையித்தை அடக்காமல் வைத்துக்கொண்டு காத்திருப்பது எங்கள் வழக்கமும் இல்லை. போனில்தான் பார்த்தான். இப்போது வந்தும் உம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தொடங்கினாலே எழுந்து வெளியே போய்விடுவான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் திரும்பப் போகிறவன். இப்படியே விமானம் ஏறிவிட்டால், உம்மாவைப் போல் தம்பியும் எனக்கு இல்லை என்றுதான் பட்டது.

பெருநாளுக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க மறுநாள் ஜெயராஜ் பாஸ் வருவதாக இருந்தது. ஹோலில் இருந்த சாமான்களையெல்லாம் நடுவில் குவித்துச் சீலை போட்டு மூடியாகிவிட்டது. வெறும் சுவரைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது.

சின்ன வயதில், பெயின்ட் அடிப்பதற்கு முதல் நாள் சுவர் எங்களுடையது. எப்படியும் மூடப்போகிற சுவர்தானே என்று உம்மா விட்டுவிடுவார். அடுப்புக் கரி, மஞ்சள், பீட்ரூட் சாறு, வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலம் எல்லாம் வெளியே வரும். வெண்டிக்காயை வெட்டிப் பூப்பூவாக அச்சுக் குத்துவோம். பழைய பல் பிரஷ்ஷை நீலத்தில் தோய்த்து விரலால் சுண்டினால் சுவரெல்லாம் மழை. இடது கையால் பெயர் எழுதுவோம், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். ஒரு வருடம், மஹ்மூத் என்ற வாப்பாவின் பெயரை முழுக்க முழுக்கக் குடைகளாலேயே அரூஸ் எழுதினான். போகிற இடமெல்லாம் குடையைத் தொலைத்துவிட்டு வருகிறவர் அவர். அதைப் பார்த்து வாப்பாவே சிரித்துவிட்டார்.

வாப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: தொழுகிற இடம், ஆள் படத்தில் முகம் கீறக் கூடாது. அதனால் எல்லாரையும் முதுகுப் பக்கமாகக் கீறினோம். முகம் இல்லாமலே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. முக்காடு ஒருபக்கம் சரிந்திருந்தால் சாச்சி. தோள் ஒன்று தாழ்ந்திருந்தால் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார். அரூஸ் கீறினால் பார்த்தவுடன் தெரியும். நான் கீறினால் "இது மாடா, மனிசனா?" என்று கேட்பான். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஒரு கரித்துண்டை அவனிடம் நீட்டினேன்.

"என்ன ராத்தா, இந்த வயசிலயா?"

"சரி, நீ மாப்பிள்ள மாதிரி இரி."

நானே கீறத் தொடங்கினேன். ஒரு யன்னல், அதன் முன்னால் ஒரு கதிரை, கதிரையில் ஒரு முதுகு. வழக்கம்போல் எல்லாம் கோணல். பின்னால் அவன் எழுந்து வருவது கேட்டது.

"கதிரைக்கு மூணு கால்தான் ஈக்கி."

"மத்தது மறைஞ்சி ஈக்கி. ஆள் யாரெண்டு செல்லு."

அவன் இன்னும் கிட்ட வந்தான். முக்காட்டுக்கு நான் போட்டிருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படிப் பிடரியில் முடிந்துகொள்கிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

"உம்மா எங்க பாக்குறாங்க?" என்றான்.

"ரோட்டைத்தான். கடைசி மாசம் முழுக்க அந்த யன்னலடியிலதான் இருந்தாங்க. ஏதாச்சும் வேன் நிண்டா, அரூஸா பாரு எண்டு கேப்பாங்க."

என் கையிலிருந்த கரியை வாங்கினான். யன்னலுக்கு அப்பால் ரோட்டைக் கீறினான். அந்த வளைவு, ஒரு மாத்தளை பஸ். ரோட்டில், பெட்டியும் கையுமாக ஒரு ஆளை முதுகுப் பக்கமாகக் கீறிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"போற மாதிரியெல்லோ ஈக்கி" என்றான்.

முதுகு தெரிந்தால் போகிறவன்தான். வருகிறவனுக்கு முகம் வேண்டும்.

சட்டைக் கையால் அந்த ஆளை அழித்தான். மறுபடியும் பெட்டியை, கால்களை, தோளைக் கீறினான். கழுத்துக்கு மேல் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். வாப்பா மௌத்தாகிப் பல வருடம். அவருடைய சட்டம் மட்டும் அந்த ஹோலில் இன்னும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கண், மூக்கு, அவனுடைய நரைத்த தாடி. அந்தச் சுவர் கண்ட முதல் முகம் அது. கீறி முடித்து, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அரூஸ் வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன். பிறகு குசினிக்குப் போய், யாரையும் கேட்காமல் சட்டியைத் திறந்து சோறு போட்டுக்கொண்டான். உம்மா கடைசியில் என்ன சாப்பிட்டார், யார் யாரைத் தேடினார் என்று பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

காலையில் ஜெயராஜ் பாஸ் பெயின்ட் வாளியோடு வந்து சுவருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு நல்லா இருக்குதுங்களே, இதுக்கு மேல எப்படிங்க அடிக்கிறது? இந்தப் பக்கத்த மட்டும் விட்டுறவா?"

விட்டுவிடச் சொல்லத்தான் நானும் நினைத்தேன். அதற்குள் அரூஸ் சொல்லிவிட்டான்.

"அடிங்க பாஸ். உம்மா பாத்துட்டாங்க."