மூன்றாம் அறைச் செடிகள்

மூன்றாம் அறைச் செடிகளுக்குத் தாகம் எடுக்க ஒரு நியாயமும் இல்லை. தொட்டி மண்ணைக் கிள்ளினால் விரல் நனைகிறது. ஆனாலும் வெயில் ஏறியதும் அந்த நாற்பது உருளைக்கிழங்குச் செடிகளும் இலைத்துளைகளை இறுக மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றன. இலையில் மாட்டும் கருவி அப்படித்தான் காட்டியது. பக்கத்து அறையில் அதே ரகம் ஹாயாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவற்றைப் பார்த்துக்கொள்பவளை ஆராய்ச்சிக்கூடத்தில் ரெஜிஸ்டர் அக்கா என்பார்கள். தண்ணீர் ஊற்றி ரெஜிஸ்டரில் டிக் போடாமல் டீயைக்கூடத் தொடமாட்டாள் என்று கேலி. இந்த ஒரு மாதமாக அவளுக்கு அந்த அறைக்குள் நுழையவே பிடிக்கவில்லை. ஊற்ற ஊற்ற, அவை நம்பாமல் அவளையே பார்ப்பதாகத் தோன்றியது. செடிக்கு ஏது கண் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டி என்ன பிரயோஜனம்?

அன்று மத்தியானம் நாத்தனார் காகிதக் கட்டோடு வந்தாள். கணவனின் தங்கை; இங்கே விஞ்ஞானி; இவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"ஜீன் ரிப்போர்ட் வந்துடுச்சு அண்ணி. ரெண்டு ரூமுக்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ஆனா வறட்சி வந்தா மட்டும் வேலை செய்யற ஜீன், இதுல தண்ணி இருக்கும்போதே முழிச்சுக்கிட்டு இருக்கு."

"அது எப்படி?"

"தாய்ச்செடி ஒரு தடவை காஞ்சு, செத்துப் பிழைச்சிருந்தா, அந்தப் பயம் கிழங்கு வழியா பிள்ளைக்கு வரலாம். அது புதுசில்லை. ஆனா உங்க ரெஜிஸ்டர்ல ஒரு நாள்கூட விடுபடலையே. அப்போ தானா முழிச்சிருக்கு. அடுத்த வாரம் மாநாட்டுல இதைத்தான் சொல்லப்போறேன். பத்து வருஷம் நாயா அலைஞ்சதுக்குப் பலன்."

தாய்ச்செடிகள் போன வருஷம் இதே அறையில் இருந்தவை. கணவன் குடல் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அவள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவனை எரித்த மறுநாள் திரும்பியபோது செடிகள் துவண்டு கிடந்தன. தண்ணீர் ஊற்றினாள், எழுந்துவிட்டன. அப்புறம் உட்கார்ந்து ஒன்பது டிக் போட்டாள். நான்குக்கு நீலப் பேனா, ஐந்துக்குக் கறுப்புப் பேனா. ஒரே மூச்சில் போட்டது தெரியக்கூடாதாம்! தினமும் காலையில் வந்து ஊற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று சொல்லியும் வைத்தாள். புருஷன் சாகக் கிடக்கும்போதும் செடியை மறக்காதவள் என்று ஊரே மெச்சியது.

மாநாட்டில் சொன்னதும் நாலு இடத்தில் இதையே செய்து பார்ப்பார்கள். எங்கேயும் வராது. நாத்தனாரின் பெயர் சந்தி சிரிக்கும்.

"நான் ஊத்தலை," என்றாள்.

"என்ன அண்ணி?"

"அந்த ஒன்பது நாளும் நான் வரவே இல்லை. டிக் எல்லாம் பொய்."

நாத்தனார் காகிதங்களைத் தொட்டியின் மேல் வைத்தாள். முகம் வெளிறியது. திட்டப்போகிறாள் என்று இவள் காத்திருந்தாள்.

"அப்போ எங்க இருந்தீங்க?"

"உங்க அண்ணன்கிட்டதான். நகரவே இல்லை."

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. "அவனைத் தனியா விட்டுட்டு இதுங்களுக்குத் தண்ணி ஊத்த வந்தீங்கன்னு ஒரு வருஷமா உங்களை மனசுக்குள்ள சபிச்சிட்டு இருக்கேன் அண்ணி. வெளிநாட்டுல இருந்து நான் வந்து சேரும்போது பொணத்தைத்தானே பார்த்தேன்."

நாத்தனார் தொட்டியின் ஈர மண்ணை விரலால் கிள்ளினாள்.

"அண்ணன் தண்ணி கேட்டானா?"

"கேட்டார். டாக்டர் கூடாதுன்னுட்டார். நான் கொடுக்கலை."

"நானும்தானே போன்ல கத்தினேன், ஒரு சொட்டுகூடக் கொடுத்துடாதீங்கன்னு. அதுக்கப்புறமும் கேட்டானா?"

அன்று அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் தலையணை மேல் வைத்திருந்தாள். தங்கை குரல் கேட்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு மூன்று நாள் இருந்தான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்கிட்டேதான் இருந்தார்," என்றாள் அவள். "நீ சொன்னது அவர் காதுல விழவே இல்லை."