ஆளுக்கு நூறு கிராம் சேவு

சோமாலியா கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பில் சேர்ந்ததைக் காராச்சேவு வாங்கிக் கொண்டாடிய ஒரே ஆள், தாயில்பட்டி வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். எங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் என் மேசைமேல் 'ஏற்றுமதிப் பிரிவு' என்று எழுதியிருக்கும். பிரிவில் நான் ஒருவன்தான். ஆகவே உலகத்தைப் புரிந்துகொள்ளும் பொறுப்பும் என்னுடையது.

எங்கள் பெட்டிகளில் பாதிக்குமேல் போவது சோமாலியாவுக்கு. ஒரு நாட்டுச் சந்தை எட்டு நாட்டுச் சந்தை ஆகிவிட்டது, இனி லோடு நிற்காது என்று, குச்சி அடைக்கும் பெண்கள் பதினாலு பேருக்கும் ஆளுக்கு நூறு கிராம் கொடுத்தேன்.

மறுவருசம் ஆர்டர் நின்றது. கூட்டமைப்புக்குள் இருக்கும் கென்யாக் கம்பெனியின் பெட்டிக்கு இனி வரி கிடையாது, உங்கள் பெட்டிக்கு உண்டு என்று அங்குள்ள ஏஜெண்ட் எழுதியிருந்தார். முதலாளி குச்சி அடைக்கும் கொட்டகையை மூடச் சொன்னார். பெண்களிடம் அதைச் சொல்லும் வேலையும் ஏற்றுமதிப் பிரிவுக்கே வந்தது.

தெருவை வைத்து விளக்கினேன். எட்டு வீட்டுக்காரர்கள் நடுச்சுவரை இடித்துவிட்டார்கள். அவர்களுக்குள் குழம்பு சும்மா கைமாறுகிறது. வெளியிலிருந்து கொண்டுபோகிற நமக்கு மட்டும் வாசலில் வசூல்.

பதினாலு பேரில் ஒருத்தியான மாரித்தாய் பொறுமையாகக் கேட்டாள். "வெளங்குதுண்ணே. அப்ப எதுக்குச் சேவு வாங்கிக் குடுத்தீக?"

இந்த வேலை போனால் அவளுக்கு மிச்சமிருப்பது பட்டாசுக் கம்பெனி. அக்கா அங்கே வெந்துபோன பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

மூன்றாம் வாரம் ஒரு மெயில். அதே கென்யாக் கம்பெனி. விற்பனை கூடிவிட்டதாம், பெட்டியில் ஒட்டும் லேபிள் அச்சடித்துத் தருவீர்களா என்று கேட்டிருந்தார்கள். எங்களிடம் சின்ன அச்சுக்கூடம் ஒன்று உண்டு. முதலாளிக்கு ரோசம் வரும் என்று பார்த்தேன், சந்தோசம்தான் வந்தது. லேபிளை எண்ணிக் கட்ட ஏழு பேர் போதும், பெயர் எழுதிக் கொடு என்றார்.

நாலு தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் முதல் பெயர் மாரித்தாய். இரண்டாவது பெயருக்கு மேல் பேனா நகரவில்லை.

கடைசியில் அவளே வந்தாள். "ஒரு வாரம் ஏழு பேரு, மறுவாரம் மத்த ஏழு பேரு. பேசி வச்சிட்டோம். நீங்க எழுதாதீக."

பாதி வேலை. கென்யாக்காரர்கள் வளர்ந்ததில் நாங்கள் தேய்ந்தோமா, வளர்ந்தோமா? ஏற்றுமதிப் பிரிவு இரண்டு டீ குடித்து யோசித்தும் பிடிபடவில்லை. சாயங்காலம் சேவு வாங்கினேன். ஆளுக்கு ஐம்பது கிராம்.

மாரித்தாய் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். "இது நல்லதுக்கா, கெட்டதுக்காண்ணே?"

"தெரியலத்தா. நமுத்துப் போறதுக்குள்ள தின்னுங்க."