சுந்தரவல்லி டீச்சரின் மீட்டர்

வடக்கே தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர்களுக்குச் சர்க்கரை வியாதி என்றால் டாக்டர் வெங்கடேஸ்வரன்தான். பல வருஷமாக அந்தப் பெயருக்குப் பங்காளி யாரும் இல்லை. இரண்டாயிரமாவது வருஷம் நாகர்கோவிலிலிருந்து வந்த டாக்டர் வினோலியா மார்க்கெட்டுக்கு எதிரே கிளினிக் திறந்தார். வந்தவர் தன்னிடம் வருகிறவர்களை எல்லாம் வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் வாங்கச் சொன்னார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ் டாக்டர்களின் கூட்டத்தில் இதுதான் பேச்சு. மீட்டரில் ஒவ்வொரு தடவையும் செருக வேண்டிய பட்டையின் விலை சாமானியனுக்குக் கட்டாது என்றார் ஒருவர். நம்பரைப் பார்த்துப் பார்த்தே ஜனங்கள் பயந்து சாவார்கள் என்றார் இன்னொருவர்.

"குரங்கு கையில பூமாலையைக் குடுக்கற கதைதான். நாளைக்கு அவாளே டோஸையும் மாத்திப்பா. அப்புறம் நாம எதுக்கு?" என்றார் வெங்கடேஸ்வரன்.

வினோலியா சிரித்துக்கொண்டே எழுந்தார். "லேபுல எடுக்கிற ரத்தம் அந்த ஒரு காலையைத்தான் சார் சொல்லும். மாசத்துல மிச்ச நாளெல்லாம் உடம்புக்குள்ள என்ன நடக்குன்னு யார் சொல்லுவா?"

கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் வெங்கடேஸ்வரனின் காதில் பல நாள் கிடந்தது. மார்க்கெட் வழியே போகும்போதெல்லாம் அவர் கண் வேண்டாம் வேண்டாம் என்றாலும் எதிர் கிளினிக் வாசலில் கிடக்கும் செருப்புகளின் மேலேயே போய் விழும். அதில் தெரிந்த செருப்பு ஏதாவது இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எல்லாவற்றையும்விட அவரைச் சுட்டது சுந்தரவல்லி டீச்சர் போனதுதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவருக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டுப் பழக்கியதே வெங்கடேஸ்வரன். அப்படிப்பட்டவர், அமெரிக்காவிலிருந்து மகன் மீட்டர் அனுப்பியதும், "அதைத் தூக்கிப் போடுங்கோ" என்று இவர் சொன்ன ஒரே சொல்லுக்காக வினோலியாவிடம் போய்விட்டார்.

ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம் டீச்சரின் கணவர் தண்டபாணி முதுகுப் பிடிப்பு என்று போன் செய்தார். வெங்கடேஸ்வரன் போனார். கூலர் இரைந்துகொண்டிருந்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு எப்பவும் நீங்கதான் சார் டாக்டர்" என்றார் டீச்சர், சமாதானம் சொல்வதுபோல. அந்த 'இவருக்கு' என்ற சொல் நறுக்கென்று குத்தியது.

ஊசி போட்டுவிட்டு அவர் பையை மூடும்போது டீச்சர் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மீட்டரை எடுத்தார். விரலைக் குத்தினார். முன்னூற்றுப் பன்னிரண்டு.

"பாருங்க, நாலு நாளா இந்த நேரத்துல இப்படித்தான் ஏறுது. சாப்பாட்டைக் குறைச்சும் கேக்கல." டீச்சர் உடனே வினோலியாவுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு வந்து, "ராத்திரி இன்சுலின் டோஸை இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லிட்டாங்க" என்றார்.

வெங்கடேஸ்வரனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஏறியிருப்பது ரத்தத்துச் சர்க்கரை அல்ல, தினமும் இந்த நேரத்தில் பழம் நறுக்கும் விரலில் ஒட்டிய மாம்பழச் சாறு. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி பாருங்கள் என்றால் தீர்ந்தது. சொல்ல வாயெடுத்தார். அப்போது டீச்சர், "போன்லயே கவனிச்சுக்கறாங்க, தங்கமான டாக்டர்" என்றார்.

வாய் மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரட்டும், இந்த மீட்டரின் லட்சணத்தை எல்லார் முன்னாலும் அவிழ்த்துவிடலாம் என்று எண்ணியபடி ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியெல்லாம் அந்தப் பேச்சை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

காலையில் காபி டம்ளரை எடுத்தபோது போன் அடித்தது. தண்டபாணி அழுதார். "எழுப்ப எழுப்ப எழுந்திரிக்கலை சார். உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது."

செருப்புப் போடவும் மறந்து ஓடினார். டீச்சரின் விரலை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து உலர்த்தினார். தன் பையில் சர்க்கரை பார்க்க எதுவும் இல்லாததால், அலமாரியிலிருந்த அதே மீட்டரை எடுத்துக் குத்தினார். முப்பத்தெட்டு. ஏற்றிய இன்சுலின் சர்க்கரையை அடியோடு இறக்கியிருந்தது. நரம்பு தேடி குளுக்கோஸ் ஊசியை ஏற்றினார். டீச்சர் கண் திறந்து, "ஸ்கூலுக்கு நேரமாச்சே" என்று முனகிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

வினோலியா ஆட்டோவில் வந்து இறங்கும்போது தண்டபாணி ஓட்டலில் பால் வாங்கப் போயிருந்தார். வெங்கடேஸ்வரன் வாசலில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் வினோலியாவின் முகம் வெளுத்துப்போனது. "மாம்பழமா? கை கழுவச் சொல்லித் தரணும்னு எனக்குத் தோணவே இல்லையே. நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "நேத்து சாயங்காலமே பார்த்தேன்."

வினோலியா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்மேல கோவம்னா என்கிட்ட காட்டியிருக்கலாமே சார். டீச்சர் என்ன செஞ்சாங்க?"

வெங்கடேஸ்வரன் பையை எடுத்துக்கொண்டார். வெறுங்காலோடு படியிறங்கி வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். போகாவிட்டால் அங்கே என்ன பேசுவார்கள் என்ற பயம் இழுத்துக்கொண்டு போனது. வினோலியாதான் முதலில் எழுந்தார். மீட்டரில் பார்க்கச் சொன்னது தான், கை கழுவிவிட்டுப் பார்க்கச் சொல்லித் தராததும் தான், ஓர் உயிர் போகப் பார்த்தது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "காப்பாத்தினது டாக்டர் வெங்கடேஸ்வரன்" என்றார். அதற்கு முந்தின சாயங்காலம் அவர் சொல்லாமல் போனதைப் பற்றி மூச்சு விடவில்லை.

எல்லாரும் இவர் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். இத்தனை நாள் அவர் ஏங்கிய கைதட்டல். நெருப்புத் துண்டை விழுங்கியதுபோல் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தப்பை இப்படி நிமிர்ந்து நின்று சொல்ல அவளுக்கு எப்படி முடிகிறது என்று அப்போதும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மறுநாள் அவரும் ஒரு மீட்டர் வாங்கி கிளினிக் மேஜையில் வைத்தார். முதல் ஆளாக வந்த மினிஸ்ட்ரிக் குமாஸ்தாவிடம், "போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிண்டு வாங்கோ" என்றார்.

"வினோலியா டாக்டரும் அதையேதான் சார் சொல்றாங்க" என்றார் அவர்.

வெங்கடேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரியாத்தான் சொல்றா" என்றார்.