சகலைகளுக்கு ஒரே வண்டி

அந்த வீட்டில் பெரியவர் என்றால் குள்ளமானவர். சின்னவர் என்றால் நெட்டையானவர். அக்காவைக் கட்டியதால் அவர் பெரியவர், தங்கையைக் கட்டியதால் இவர் சின்னவர். கீழ்வீட்டில் பெரியவர் குடும்பம், மாடியில் சின்னவர் குடும்பம். பெரியவருக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. சின்னவருக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிப்ட். வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களிடம் ரத்தம் எடுத்து, அவர்கள் காபிக்கு ஓடுவதற்குள் பெயர் எழுதி ஒட்டுகிற வேலை.

ஒரே வாசலில் செருப்பைக் கழற்றினாலும் சகலைகள் இருவருக்கும் பேச்சு கிடையாது. சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போடுவதற்காவது கொஞ்சம் பேசியாக வேண்டுமே! படிக்கட்டில் எதிர்ப்பட்டால், "அப்புறம்?" என்பார் பெரியவர். "நீங்கதான் சொல்லணும்" என்பார் சின்னவர். அதோடு ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில் இருவருடைய பழைய ஸ்கூட்டர்களும் அடுத்தடுத்துப் படுத்துவிட்டன. மெக்கானிக் இரண்டையும் பார்த்து, துக்கம் விசாரிப்பவர் மாதிரி தலையை ஆட்டினார். வாசலை ஒட்டிய சந்தில் ஒரு வண்டியை எடுக்க இன்னொரு வண்டியை நகர்த்தி நகர்த்தி அலுத்துப்போயிருந்த அக்கா, இதுதான் சமயம் என்று சொல்லிவிட்டாள்.

"இனிமே ஒரே வண்டி. தம்பி மத்தியானத்துக்குள்ள வந்துடறாரு. நீங்க மத்தியானத்துக்கு மேலதான் கடை திறக்கறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பைக் வாங்குங்க."

சின்ன இன்ஜின் போதும் என்பதில் இருவரும் உடனே ஒத்துப்போனார்கள். அதற்குப் பிறகு எதிலும் ஒத்துப்போகவில்லை.

பெரியவருக்கு ரெட்ரோ பைக் வேண்டும். வட்டமான விளக்கு, உருண்டு திரண்ட டாங்க், பளபளக்கிற மட்கார்டு, தாழ்வான நீள சீட்டு. "அதுல போனா ஒரு கம்பீரம் இருக்கு" என்றார்.

சின்னவருக்கு ஸ்கிராம்ப்ளர் வேண்டும். தூக்கிக் கட்டிய சைலன்சர், கட்டம் கட்டமான முரட்டு டயர், அகலமான ஹேண்டில்பார், உயரமான சீட்டு. "கல்லு முள்ளு எதுல வேணும்னாலும் ஏறும்" என்றார்.

"வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தார் ரோடு. நடுவுல எந்த மலை வருது உங்களுக்கு?"

"வேகத்தடை வருதே!"

"அதுக்கு எதுக்குங்க அந்த டயர்? டிராக்டரே வாங்கிடலாமே."

"உங்க வண்டி மட்டும் என்ன? தாத்தா காலத்து வண்டி மாதிரி புதுசா ஒண்ணு வாங்கறதுக்கு, நம்ம பழைய ஸ்கூட்டரையே துடைச்சு வெச்சுக்கலாமே."

மாடிக்கும் கீழுக்கும் இப்படியே பேச்சு போய் வந்தது. பெரியவர் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஃபோனில் பைக் வீடியோக்களைப் பார்த்து, ஸ்கிராம்ப்ளரைத் திட்டுகிறவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சின்னவருக்கு அனுப்பினார். சின்னவர் லேபிலிருந்து பதிலுக்கு ரெட்ரோவைக் கிண்டல் செய்கிறவற்றை அனுப்பினார். அக்காவும் தங்கையும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி இதைப் பேசிச் சிரித்துக்கொண்டார்கள்.

"அக்கா, கவனிச்சியா? இத்தனை வருஷத்துல பேசாததை எல்லாம் இவங்க இப்ப பேசித் தீர்க்கறாங்க."

"கவனிச்சேன், கவனிச்சேன். அவசரப்பட்டு வாங்க வெச்சுடாதே."

ஆனாலும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எத்தனை நாள் போவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வரும் ஷோரூமுக்குப் போனார்கள்.

அங்கே இருந்த விற்பனைப் பெண் பொறுமைசாலி. இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். சின்னவர் ரெட்ரோவில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரைத் தொட்டன. குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் ஒட்டகம் ஏறியது போல இருந்தது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து அவர் ஸ்கிராம்ப்ளரில் ஏறினார். ஏறுவதற்கே ஒரு எம்பு எம்ப வேண்டியிருந்தது. ஏறிய பிறகு இரண்டு கால்களும் தரையைத் தேடி அந்தரத்தில் ஆடின. இப்போது சின்னவர் முறை. சிரிப்பை அடக்க சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு வாங்க சார்" என்றாள் விற்பனைப் பெண். பக்கத்துத் தெருவைச் சுற்றிவிட்டு வருவார்கள் என்று அவள் நினைத்தாள்.

அவர்கள் ஊருக்கு வெளியே ஏரிவரைக்கும் போய்விட்டார்கள்.

போகும்போது அவரவர் ஆசைப்பட்ட வண்டி. தார் ரோடு முடிந்து மண்பாதை தொடங்கியதும் பெரியவரின் ரெட்ரோ குழிக்குக் குழி குதித்தது. அவருடைய முதுகெலும்பு ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக எண்ணியது. முன்னால் போன சின்னவர் சோபாவில் உட்கார்ந்தவர் மாதிரி மிதந்து போனார். ஒரு மரத்தடியில் நிறுத்தி, "மாத்திக்கலாமா?" என்று கேட்டது பெரியவர்தான்.

சின்னவர் ஸ்கிராம்ப்ளரைப் பிடித்துக்கொள்ள, பெரியவர் எம்பி ஏறினார். கிளம்பிய பிறகுதான் அவருக்கு அந்த வண்டி புரிந்தது. குழி வந்தால் வண்டி அதைப் பார்த்துக்கொள்கிறது, இவருக்கு வேலையே இல்லை. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றார். காற்று சட்டைக்குள் புகுந்து உப்பியது. தினமும் கடையில், 'இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா' என்று கேட்டே கழுத்து வலிக்கிற மனுஷன் அன்றைக்கு ஏரிக்கரையில், "ஹோ!" என்று கத்தினார்.

அப்போது எதிரே ஆட்டு மந்தை வந்தது.

பாதை முழுக்க ஆடுகள். நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் கால் ஊன்ற வேண்டும். ஊன்றுவதற்குத் தரை எட்டாது. இது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. பாதையோரம் இருந்த வெட்டவெளியில் வண்டியைத் திருப்பி வட்டமடித்தார். ஆடுகள் போய்க்கொண்டே இருந்தன. இவரும் சுற்றிக்கொண்டே இருந்தார். மேய்ப்பவர் கோலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னங்க, ஏதாவது வேண்டுதலா?" என்று பின்னால் வந்து சேர்ந்த சின்னவர் கத்தினார்.

"யோவ், நிறுத்த முடியலய்யா! கால் எட்டல!"

இருவருக்கும் நடுவில் 'யோவ்' வந்தது அதுதான் முதல்முறை. சின்னவர் ரெட்ரோவை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓடினார். கைகளை விரித்து நடுவில் நின்றார்.

"மெதுவா வாங்க, நான் பிடிச்சுக்கறேன்!"

பெரியவர் நம்பி வந்தார். பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. சின்னவர் வண்டியையும் ஆளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அவர் காலுக்குக் கீழே இருந்த சேறுதான் ஒத்துழைக்கவில்லை. மூன்று பேரும், வண்டியையும் ஆளாகச் சேர்த்தால் மூன்று பேரும், மெல்லச் சாய்ந்து படுத்தார்கள். வலப்பக்கக் கண்ணாடி 'டக்'கென்று உடைந்தது.

அடி எதுவும் இல்லை. சேற்றில் கிடந்தபடி முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் தகராறு. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, சட்டையைக் கழுவ ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர் சட்டையைப் பிழிந்தபடி.

"எனக்கா? ஏன்?"

"கீழ வந்து உட்காரும்போதெல்லாம் என் முகத்தையே பார்க்க மாட்டீங்க. மேலயே பார்த்துட்டு இருப்பீங்க. சரி, பெரிய படிப்பு படிச்சவரு, நம்மகிட்ட என்ன பேச்சுன்னு..."

சின்னவர் அவரை வியப்போடு பார்த்தார். "அண்ணா, உங்க ஹால்ல ஃபேன் எவ்வளவு தாழ்வா தொங்குதுன்னு தெரியுமா? நான் எந்திரிச்சா தலை போயிடும். அதைத்தான் பார்த்துட்டு இருப்பேன். நீங்க பேசறது பாதி காதுலயே விழாது."

பெரியவர் அன்றுவரை தன் வீட்டு ஃபேனைப் பற்றி யோசித்ததே இல்லை. அவருக்கும் அதற்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது.

ஷோரூமுக்குத் திரும்பியபோது விற்பனைப் பெண் வண்டிகளையும் பார்த்தாள், ஆட்களையும் பார்த்தாள். தங்கைதான் உடைந்த இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஏன் மாமா, கண்ணாடிக் கடைக்காரரே கண்ணாடியை உடைச்சா எப்படி?"

"அதுக்கு நாங்களே வேற போட்டுக் கொடுத்துடறோம்மா" என்று பெரியவர் விற்பனைப் பெண்ணிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"சரி, எந்த வண்டி?" என்றாள் அக்கா.

"ஸ்கிராம்ப்ளர்" என்றார் பெரியவர்.

"ரெட்ரோ" என்றார் சின்னவர்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "காலையில மாத்திச் சொன்னீங்களே!"

"அந்த வண்டி தனி சுகம்மா. பறக்குது" என்றார் பெரியவர்.

"அண்ணா கீழ விழுவாரு அண்ணி. ரெட்ரோவே இருக்கட்டும். நான் காலை மடக்கிக்கறேன்" என்றார் சின்னவர். பெரியவர் விடவில்லை. "உங்களுக்கு மூட்டு வலி வந்துடும்யா." ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுப்பதிலேயே குரல் உயர்ந்தது.

விற்பனைப் பெண் மெதுவாகத் தொண்டையைச் செருமினாள். "சார், ரெண்டுக்கும் இன்ஜின் ஒண்ணுதான். ஃபிரேமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். டயர், சைலன்சர், சீட்டு, ஸ்பிரிங், இதெல்லாம்தான் வேற."

இத்தனை நாள் வாய்ச்சண்டையும் ஒரே இன்ஜினைப் பற்றித்தானா? சகலைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் தங்கை எழுந்து போய் ஸ்கிராம்ப்ளரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பின் சீட்டு என்பது பேருக்குத்தான். உள்ளங்கை அகலம்கூட மிஞ்சாது போலிருந்தது. அவளுடைய கெண்டைக்காலுக்குப் பக்கத்திலேயே சைலன்சர், ஏரிக்குப் போய் வந்த சூட்டோடு. "ஸ்ஸ்!" என்று காலை இழுத்துக்கொண்டாள். அக்கா ரெட்ரோவின் பின்னால் உட்கார்ந்தாள். நீளமான, மெத்தென்ற சீட்டு. கால் வைக்க இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி.

"ஆமா, பின்னாடி உட்காரப்போறது யாரு?" என்று கேட்டாள் அக்கா.

சகலைகள் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்கள். டயரைப் பேசினார்கள், டாங்கைப் பேசினார்கள், இல்லாத மலையைக்கூடப் பேசினார்கள். பின் சீட்டைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை.

"இந்த வண்டிதான்" என்றாள் அக்கா, இறங்காமலேயே.

அப்படியே முடிந்தது. சின்னவருக்காக ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டார்கள். பெரியவரின் ஆசைக்காகச் சற்று முரட்டு டயர் மாட்டினார்கள். பார்க்க ரெட்ரோவும் இல்லாமல் ஸ்கிராம்ப்ளரும் இல்லாமல், வேட்டிக்கு ஷூ போட்டது போல ஒரு வண்டி சந்துக்குள் வந்து நின்றது. இருவருக்கும் அதைப் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் தங்கையும், யார் முதலில் போவது என்று பேசி முடித்துத் தயாராகி வாசலுக்கு வந்தார்கள். சந்து காலியாக இருந்தது. அக்கா ஃபோன் செய்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஏரிப்பக்கம். தம்பி ஓட்டறாரு, நான் பின்னாடி இருக்கேன்" என்று காற்றைத் தாண்டிக் கத்தினார் பெரியவர். "நீ சொன்னது சரிதாம்மா, பின் சீட்டு ரொம்ப வசதி!"