மொட்டைமாடி மிஷின்

முத்தையாபுரத்தில் எங்கள் தெரு கம்பெனிக்கு நேர் கிழக்கே இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும்போது அங்கே உள்ள நிலக்கரித் தூசி முழுக்க எங்கள் தலையில்தான் கொட்டும். ஆனால் மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் ஆட்கள் காற்றை அளக்க வருவது மார்கழியில். வாடைக்காற்று தூசியை அந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போகிற மாதம். அளந்து பார்த்துவிட்டு, காற்று சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும்.

என் வாயால் ஆகாததை எதிர்வீட்டுச் செல்வராணி சாதித்தாள். அவளுக்கு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் பாக்கிங் வேலை. மகள் தர்ஷிகா மூன்றாம் வகுப்பு. மேல்காற்று தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்துவிடும், உட்கார்ந்தபடியேதான் தூங்கும். செல்வராணி லீவு போட்டுப் போட்டு, மனுவும் கையுமாக அலுவலகப் படியேறி, ஆடியில் வந்து அளந்து பாருங்கள், என் மாடியிலேயே வைத்து அளந்து பாருங்கள் என்று நச்சரித்தாள். கம்பெனி இன்னொரு யூனிட் கட்ட அனுமதி கேட்டிருந்த நேரம் அது. அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், கூட்டத்தில் வாசிக்கப் புதிதாக ஓர் அளவு வேண்டும். இவள் கேட்டது பலித்துவிட்டது.

ஆடி மாதம் சிவப்பிரகாஷ் என்கிற இளம் இன்ஜினியர் மிஷினோடு வந்தார். நாலு பேர் பிடித்து அதை மாடிக்கு ஏற்றினார்கள். அதற்குள்ளே ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். ஒரு நாள் முழுக்க மிஷின் காற்றை இழுக்கும், தூசி தாளில் படியும், தாளை எடை போட்டுக் கணக்குச் சொல்வோம் என்றார். போகும்போது, விலை கூடின மிஷின், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செல்வராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அடித்தது பேய்க்காற்று. தூசியைப் பார்த்து எங்கள் தெரு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

கணக்கு வந்தது. காற்று சுத்தமாம். மார்கழி அளவைவிடவும் குறைவாம்.

தெரு கொதித்தது. இன்ஜினியரைக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது என்று பேச்சு. சிவப்பிரகாஷ் தெருவுக்கு வந்தபோது நானும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு வாரம் இங்கே கொண்டுவந்து படுக்கப்போடுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். அவர் முகம் செத்துப்போனது. போனில் இருந்த தாளின் படத்தை எடுத்துக் காட்டினார். மிஷினிலிருந்து உருவும்போதே தாள் இப்படித்தான் வெளுப்பாக இருந்தது, தனக்கே விளங்கவில்லை என்றார்.

அன்று சாயங்காலம் செல்வராணி என் கடைக்கு வந்தாள்.

"ரீனாக்கா, மிஷின நான்தான் மூடி வச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே, இந்தத் தூசியில் கிடந்தால் கெட்டுப்போகுமே என்று, அவர் தெருமுனை தாண்டியதும் பழைய நூல்சேலையை மடித்து அதற்குப் போர்த்திக் கட்டியிருக்கிறாள். காலையில் அவர் வருவதற்கு முன்னால் அவிழ்த்து, மிஷினையும் துடைத்து வைத்திருக்கிறாள். கம்பெனியின் தூசி முழுக்க அந்தச் சேலையில் இருந்திருக்கிறது. அதையும் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டுவிட்டாள்.

வேறு தெருக்காரியாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாள். எங்களுக்கு இது கை தானாகச் செய்கிற காரியம். தண்ணீர்க்குடம், டி.வி., என் தையல் மிஷின் என்று எதையும் திறந்து வைக்க மாட்டோம். நானாக இருந்தாலும் மூடியிருப்பேன். அதனாலேயே அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

"ஏளா, வெளிய சொல்லிராத" என்றேன். அவள் புருஷன் மாசானம் ஓட்டுகிற லாரி அதே கம்பெனிக்குத்தான் லோடு அடிக்கிறது. வாயைத் திறந்தால், காசு வாங்கிக்கொண்டு மூடினாள் என்றுதான் பேசுவார்கள். சிவப்பிரகாஷ் பேர் கெட்டால் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்வார், இவள் எங்கே போவாள்? செல்வராணி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. காற்று அதற்குள் திரும்பிவிட்டிருந்தது. குழுத் தலைவர் ஆடி மாத அளவை மைக்கில் வாசித்ததும் எங்கள் ஆட்கள் எழுந்து சிவப்பிரகாஷைக் கண்டபடி ஏசினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே செல்வராணி எழுந்துபோய் மைக்கை வாங்கினாள்.

"அந்த அளவு செல்லாது சார். மிஷினுக்குச் சேலையப் போட்டு நான் மூடிட்டேன். இன்ஜினியர் சார் மேல தப்பில்ல."

மண்டபம் அடங்கியது. எவ்வளவு வாங்கினாளோ என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அது மைக் வரைக்கும் கேட்டிருக்கும். யார் மூடச் சொன்னது என்று தலைவர் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். தூசி விழும்லா."

எவ்வளவு தூசி விழும் என்று கேட்டார் அவர்.

"அதத் தெரிஞ்சிக்கிடத்தான சார் உங்க மிஷினக் கேட்டோம்."

மேடையில் தலைகள் கூடிப் பேசின. அந்த அளவு ரத்து என்றார்கள். அடுத்த ஆடியில், பக்கத்தில் ஆள் போட்டு மறுபடி அளப்பார்களாம், அதுவரை புது யூனிட்டுக்கு அனுமதி இல்லையாம். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கூட யாரும் தட்டவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் எங்கள் தெருப் பெண்கள் நின்றுகொண்டே வந்தார்கள். செல்வராணிக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். சொல்லாதே என்று தடுத்தவள் நான்தானே என்று வெட்கமாக இருந்தது. இவளுகளை நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் காதில் சொன்னேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டுப் போறாளுக. பழைய யூனிட்டு ஓடிக்கிட்டுத்தானக்கா இருக்கும்? மிஷின் அளக்கணும்னா அடுத்த ஆடிக்கும் அந்தத் தூசி வரணும்லா? மிஷின இனிமே திறந்தே போட்டிருவேன். பிள்ளைய எதப் போட்டு மூடுவேன்?"