தழும்பு இல்லாத பாட்டு

போன வருஷம் ஆம்பூர் மேகலாவின் முகம் அமாவாசைதோறும் யாருக்கும் தெரியாமல் போனது. பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து ஓரமாகத் தேய்ந்துகொண்டே வந்து, அமாவாசையில் சுத்தமாக மறைந்துவிடும். அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனி வாசலில் முகத்தைப் பார்த்து வருகை போடும் இயந்திரம் உண்டு. அன்றைக்கு அது அவளை உள்ளே விடாது. சூப்பர்வைசர் ராமமூர்த்தி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அமாவாசையை அவளுக்கு விடுமுறையாக்கிவிட்டார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எல்லாம் அவள் புருஷன் எழுதிய பாட்டால் வந்த வினை என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்திருந்தது.

புருஷன் இன்பராஜ் அதே கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். தோலை மேசையில் விரித்து, முள் கீறியது, உண்ணி கடித்தது, சூடு பட்டது என்று தழும்பு இருக்கும் இடமெல்லாம் வட்டம் போட்டு, அவற்றை விலக்கி அச்சை வைத்து வெட்ட வேண்டும். பாட்டையும் அவன் அப்படித்தான் எழுதினான். வாணியம்பாடியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மெட்டுப் போடும் சிநேகிதன் தபரேஸ் அவனுக்குச் சூத்திரம் சொல்லிக் கொடுத்திருந்தான். “பொண்ணுன்னா பால் கலரு, நிலா மூஞ்சி, மீனு கண்ணு, தேன் ஒதடு, இடுப்பு இருக்கவே கூடாது. இதுல கை வெச்சா பாட்டு ஓடாது தோஸ்த்.” கல்யாண நாளுக்காக மேகலாவின் பெயரை வைத்து அந்த அச்சிலேயே ஒரு பாட்டு வெட்டினான் இன்பராஜ். மேகலா கருப்பு. வலது மணிக்கட்டில், கம்பெனியில் பசை காயவைக்கும் அடுப்பு சுட்ட தழும்பு. இரண்டையும் பழக்கதோஷத்தில் விலக்கிவிட்டான். ஆசையாகத்தான் செய்தான், பாவம்.

தபரேஸ் மெட்டுப் போட்டு வெளியே விட, பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. ஷேர் ஆட்டோ, பிரியாணிக் கடை, மஞ்சள் நீராட்டு விழா, எங்கே திரும்பினாலும் அதுதான். ஒலிக்க ஒலிக்க மேகலா மாறினாள். முதலில் நிறம் போனது, அதோடு தழும்பும் போனது. பிறகு இடுப்பு. புடவை நிற்கவில்லை என்று அவள் பெல்ட்டுக்குப் போக, கடைக்கார அஹமது பாஷா வாராவாரம் ஓட்டை போட்டுக்கொண்டே வந்து, “இதுக்கு மேல பெல்ட்டு இல்லம்மா, ஓட்டைதான் கீது” என்று கையை விரித்தார். சாப்பாட்டு நேரத்தில் உதட்டைத் தேடித் தேனீக்கள் வந்தன. கண்ணில் இமை மறைந்தது. மீனுக்கு ஏது இமை? அக்கம்பக்கத்தார் பழகிக்கொண்டார்கள். பௌர்ணமியில் அவள் முகவெளிச்சத்தில் உட்கார்ந்து பூ கட்டினார்கள். பழகாதது மகள் மெர்சி மட்டும்தான். நாலு வயது. அம்மாவின் தழும்பைத் தடவிக்கொண்டேதான் அவளுக்குத் தூக்கம் வரும். இப்போது மேகலா தூக்கினால், மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “இவங்க எங்கம்மா இல்ல” என்று வீறிட்டு அழுது, பக்கத்து வீட்டு முனவ்வர் பேகத்திடம் ஓடிவிடுவாள். அங்கேயே தூங்கவும் ஆரம்பித்தாள். மேகலா புருஷன் முன்னால் மணிக்கட்டை நீட்டினாள். “அத்தினியும் வெச்சியே, என் தழும்ப எங்கய்யா உட்ட?” என்று இன்பராஜைக் கேட்டாள்.

இதற்குள் தபரேஸ் மேகலா பெயரிலேயே அடுத்த பாட்டு கேட்டான். “இதுல அவ ஏமாத்திட்டுப் போய்டணும். அதான் ரூலு.” இன்பராஜ் வீட்டில் உட்கார்ந்து பல்லவியை முணுமுணுத்த உடனே மேகலாவின் கால்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தன. அவள் நிலைப்படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நான் போவலய்யா, காலு போவுது” என்று அலறினாள். இன்பராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். அதன் பிறகு விலக்கி வைத்ததையெல்லாம் பொறுக்கி எழுதினான்: கருப்பு, மணிக்கட்டுத் தழும்பு, சதை போட்ட இடுப்பு, வறண்ட உதடு, விரலில் போகாத பசை நாற்றம், குறட்டை, குதிகால் வெடிப்பு, பஸ்ஸில் சீட்டுக்குப் போடும் சண்டை, கோபம் வந்தால் மூன்று நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. “இன்னாடா இது, பாட்டா, புகாரா?” என்றான் தபரேஸ். இருந்தாலும் தோஸ்த்துக்காக மெட்டுப் போட்டுக் கொடுத்தான். ஆட்டோக்காரர்கள் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மெர்சி மட்டும் நிறுத்தவில்லை. குறட்டை வரிக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா ஞாபகம் வரும்போதெல்லாம் முனவ்வர் பேகத்தின் போனில் போடச் சொல்லி, பிறகு தானே பாட ஆரம்பித்தாள். ஊரில் வேறொரு நிலாப் பாட்டு வந்து, பழையது ஓய்ந்துபோனது. மேகலாவுக்கு நிறம் திரும்பியது, இடுப்பு வந்தது, தேனீக்கள் வேறு வேலையைப் பார்க்கப் போயின. அமாவாசையில் இயந்திரம் அவளை உள்ளே விட்டது; ராமமூர்த்தி விடுமுறையை ரத்து செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெர்சி பாடிக்கொண்டே வந்து, சந்தேகத்தோடு மணிக்கட்டைத் தடவினாள். தழும்பு விரலில் தட்டியது. “எங்க போன இத்தினி நாளு?” என்று கேட்டுவிட்டு, மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

கண்ணை எழுத இன்பராஜ் மறந்திருந்தான். அதனால் மேகலாவுக்கு இமை திரும்பவில்லை. இன்னொரு சரணம் சேர்க்கிறேன் என்றதற்கு அவள் வேண்டாம் என்றாள். “இருக்கட்டும் உடு. பாக்காத நாளுக்கும் சேத்து இவளப் பாத்துக்கறேன்.” இப்போது மகளைப் பார்த்தபடியே தூங்குகிறாள், குறட்டையோடு. ஜன்னலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்து அந்த மீன் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் கொஞ்சம் பால் வைக்கிறார்கள்.